பிள்ளைகளை வளர்த்தபின் முதுகலை: வகுப்பறைக்குச் செல்வதா, தொலைநிலையில் படிப்பதா?

கோரிமேடு கலா

அனைவருக்கும் வணக்கம். சேலம் கோரிமேட்டில் வசிக்கிறேன். வயது 44. 2001ஆம் ஆண்டு இளநிலைக் கணிதம் முடித்தேன். அடுத்த ஆண்டே திருமணம், அதன்பின் பிள்ளைகள். மகள் இவ்வாண்டு கோவையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். மகன் பதினொன்றாம் வகுப்பு. கணவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறார். பட்டறையின் கணக்கை வீட்டிலிருந்தே நான் பார்த்துக்கொள்கிறேன். மூட்டுவலியால் அதிகம் நடமாட முடியாத மாமியாரும் எங்களுடன் இருக்கிறார்.

முதுகலை வரலாறு படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். என் பிறந்த ஊர் தாரமங்கலத்திற்குப் பக்கம். கைலாசநாதர் கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அதைக் கட்டிய, கட்டி முதலிகள் என்ற குறுநில மன்னர்களைப் பற்றி ஒழுங்காகப் படித்தறிய வேண்டும் என்ற ஆசை கணிதம் படித்த நாட்களிலேயே இருந்தது. முடிந்தால் பிற்பாடு ஆசிரியர் பணிக்கும் முயல எண்ணம். வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் "தொலைநிலையில் படி, வீட்டை விட்டு நகர வேண்டியதில்லை" என்கிறார்கள். அது சரியான யோசனைதானா என்பதைப் படித்து முடித்தவர்களிடம் கேட்டறிய விரும்புகிறேன்.

அம்மாப்பேட்டை வாசுகி

வணக்கம் சகோதரி. நான் இரண்டு பட்டங்களையும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முடித்தவள். சின்னவன் பள்ளியில் சேர்ந்தபின் இளநிலைத் தமிழில் தொடங்கி, அவன் மேல்நிலை வகுப்புக்கு வருவதற்குள் முதுகலையும் முடிந்தது. 2002இல் தொடங்கப்பட்ட இந்தப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் தமிழிலேயே கிடைப்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. மதிப்பெண்ணில் 30 வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு, 70 ஆண்டுத் தேர்வுக்கு. ஒப்படைப்பைக் கையால் எழுத வேண்டியிருப்பதைச் சுமையாக நினைக்காதீர்கள்; பல ஆண்டுகள் பால் கணக்கும் மளிகைச் சீட்டும் தவிர வேறெதுவும் எழுதாத கைக்கு அதுவே தேர்வுக்கான பயிற்சி.

சேர்க்கைக்கு முன் இரண்டு செய்திகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேரும் படிப்பு பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் ஒப்புதல் பட்டியலில் அந்த ஆண்டுக்கு இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது, அந்தப் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். மேலும் 2024 முதல் தொலைநிலையில் சேரும் ஒவ்வொருவரும் முதலில் படித்த பாடங்களின் மதிப்பலகுகளைச் சேர்த்துவைக்கும் மின்கணக்குக்கான ஏபிசி எண்ணும், அதைக் கொண்டு தொலைநிலை மாணவர் பதிவுக்கான டெப் எண்ணும் பெற வேண்டும். பேருந்து நிலையத்தருகே பலகை மாட்டிவைத்து "ஒரே ஆண்டில் பட்டம்" என்று அழைப்பவர்களிடம் போகவே வேண்டாம். இளநிலைக்கு மூன்றாண்டு, முதுகலைக்கு இரண்டாண்டு என்பதில் எவருக்கும் குறுக்குவழி கிடையாது.

வீட்டிலிருந்து படிப்பது எனக்குப் பொருந்தியது. உங்கள் வீட்டார் சொல்வதில் தவறொன்றும் இல்லை.

கருப்பூர் ஆய்வாளர்

வாசுகி அக்கா சொன்ன தகவல்கள் அனைத்தும் சரி. முடிவில் மட்டும் நான் மாறுபடுகிறேன்.

நானும் இரண்டு பிள்ளைகளின் தாய். பிள்ளைகள் ஓரளவு வளர்ந்தபின் நேரடி வகுப்பில் முதுகலை படித்து, இப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். அதற்கு முன் தொலைநிலையில் சேர்ந்து பாதியில் விட்டவள் என்பதால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். "வீட்டிலிருந்தே படிக்கலாம்" என்பதில் உள்ள சிக்கல், நம்மை வீட்டில் இருப்பவளாகவே மற்றவர்கள் தொடர்ந்து எண்ணுவதுதான். புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தாலும் எரிவாயு உருளை வந்தால் நாம்தான் எழுந்து போக வேண்டும். உறவினர் வந்தால் நாம்தான் காப்பி போட வேண்டும். "சும்மா படித்துக்கொண்டுதானே இருக்கிறாய்" என்ற சொல்லைக் கேட்காத தொலைநிலை மாணவி இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார். இதில் யாரையும் குறை கூறுவதற்கில்லை. கண்ணெதிரே இருக்கும் ஆளை வேலைக்குக் கூப்பிடுவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். இரவு பத்தரைக்கு மேல் கிடைக்கும் நேரத்தையே படிப்பு நேரமாக வைத்துக்கொண்டால், பகல் முழுவதும் உழைத்த உடம்பு அதற்கு ஒத்துழைக்காது.

நேரடி வகுப்பில் சேர்ந்தபோது நிலைமை மாறியது. காலையில் பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பியபின் அங்கே நடப்பவை என் கைக்கு எட்டாதவை. தேர்வெழுத 75 விழுக்காடு வருகைப் பதிவு கட்டாயம் என்ற விதியை மாணவர்கள் பலரும் சபிப்பார்கள். எனக்கு அந்த விதிதான் பாதுகாப்பு. உறவினர் வீட்டுக் காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடச் சொல்லும்போது, "வருகைப் பதிவு குறைந்தால் தேர்வெழுத விடமாட்டார்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும். என் விருப்பம் என்று சொன்னால் வாதிடுபவர்கள், கல்லூரியின் விதி என்றால் அடங்கிவிடுகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை வணிகர்

தவறாக எண்ண வேண்டாம். ஒரு கணக்குக் கேள்வி. 44 வயதில் சேர்ந்தால் முதுகலை முடிக்க 46. ஆசிரியப் பயிற்சிக்கான கல்வியியல் பட்டம் (பி.எட்) 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பு என்பதால் அதையும் முடிக்க 48. அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு. பட்டறைத் தொழிலில் கணக்குப் பார்க்க நம்பகமான ஆளுக்கு நல்ல ஊதியம் கொடுக்க வேண்டியிருக்கிறது. சகோதரி இப்போது குடும்பத்துக்கு மிச்சப்படுத்தித் தரும் தொகையைவிட அந்தப் பட்டம் அதிகம் ஈட்டித் தருமா? ஆசைக்குப் படிப்பதென்றால் நூல்களை வாங்கி வீட்டில் படித்துவிடலாமே?

ஓய்வுபெற்ற பேராசிரியர், அழகாபுரம்

வணிகரின் கேள்வி நியாயமானது. அதற்கு விதிகளைக் கொண்டே விடை சொல்லலாம்.

முதலில் ஆசிரியப் பணி. தமிழ்நாட்டில் ஆசிரியர் நேரடி நியமனத்திற்கான உச்ச வயது வரம்பைப் பொதுப் பிரிவினருக்கு 53 எனவும், பிற பிரிவினருக்கு 58 எனவும் 2023இல் உயர்த்தியிருக்கிறார்கள். ஆகவே வயது தடையில்லை. ஆனால் கலா அவர்கள் கவனிக்க வேண்டிய தடை வேறிடத்தில் இருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் இளநிலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். கணிதத்தில் இளநிலையும் வரலாற்றில் முதுகலையும் பெற்றவர் அந்தப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. இந்த ஒரு விதியை அறியாமல் பாடம் மாறி, இரண்டாண்டும் கல்வியியலுக்கு இன்னும் இரண்டாண்டும் செலவிட்டு, விண்ணப்பப் படிவத்தின் முன் நின்றபோதுதான் அறிந்துகொண்ட மாணவிகள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். பள்ளி ஆசிரியப் பணிதான் நோக்கமென்றால் இளநிலைக் கணிதத்தோடு கல்வியியல் படித்துத் தகுதித் தேர்வு எழுதிப் பட்டதாரி ஆசிரியராக முயல்வதே நேர்வழி. அதற்கு முதுகலையே தேவையில்லை. கல்வியியலையும் தொலைநிலையில் படித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அந்த வாய்ப்பு ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பணியில் உள்ளவர்களுக்கும் உரியது.

வரலாறுதான் படிக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தால் கல்லூரிப் பக்கம் கதவு திறந்திருக்கிறது. தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுத, முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 போதும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அத்தேர்வில் உச்ச வயது வரம்பு இல்லை. ஆராய்ச்சி உதவித்தொகைக்குத்தான் 30 வயது வரம்பு. பெண்களுக்கு அதில் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு என்றாலும் 44 வயதுக்கு அது பயன்படாது. தகுதி கிடைக்கும், உதவித்தொகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டு இறங்குவது நல்லது.

மூன்றாவது வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி இரண்டு (குரூப் 2) தேர்வில், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர், எல்லாப் பிரிவுகளையும் சேர்ந்த ஆதரவற்ற விதவையர் ஆகியோருக்குப் பெரும்பாலான பதவிகளில் உச்ச வயது வரம்பு கிடையாது. அதற்குக் கையிலுள்ள இளநிலைப் பட்டமே போதும். மாநில அரசுப் பணியில் ஓய்வு வயது 60. 48 வயதில் பணியில் சேர்ந்தாலும் பன்னிரண்டு ஆண்டு ஊதியம் உண்டு. வணிகர் விரும்பினால் இதையும் தம் பேரேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

நேரடியா, தொலைநிலையா என்ற கேள்விக்கு வருகிறேன். கணிதத்திற்குத் தொலைநிலையை நான் பரிந்துரைப்பதில்லை. விட்டுப்போன பாடத்தைத் தனியே உட்கார்ந்து மீட்பது கடினம், கரும்பலகை வேண்டும். வரலாற்றைத் தனியே படிக்கலாம். ஆனால் கல்வெட்டையும் ஆவணத்தையும் எப்படி அணுகுவது என்பதை ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். நூல்களை வாங்கி வீட்டில் படித்துவிட முடியாதா என்று வணிகர் கேட்டதற்கு என் விடை இதுதான்.

மலைச்சாரல், ஏற்காடு

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு பெண் குழந்தைகள். இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். மேல்நிலைத் தேர்வுக்குப் பிறகு நின்ற படிப்பை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இளநிலையாகத் தொடர்ந்துகொண்டிருக்கிறேன்.

கருப்பூர் அக்கா எழுதியதைப் படித்தபோது மனம் ஒப்பினாலும், அது சேலத்தில் இருப்பவர்களுக்கான விடை என்றே தோன்றியது. இங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் இறங்கி, அஸ்தம்பட்டியில் வண்டி மாறி, மாலையில் மறுபடி மலையேறி வருவது, பள்ளிவிட்டு வரும் குழந்தைகளை வைத்திருப்பவளால் ஆகாது. எங்களைப் போன்றவர்களுக்குத் தொலைநிலை இல்லையென்றால் படிப்பே இல்லை.

இதிலும் எங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும், தேர்வு நடைபெறும். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை நீளும். அந்த நாட்களில் பறித்த பழத்தை எடைபோட்டு, ஆளுக்கு எவ்வளவு என்று பதிந்து, கூலி கணக்கிட்டுக் கொடுத்து முடிக்கும்போது இருட்டிவிடும். டிசம்பர்த் தேர்வு எனக்கு நடக்காத காரியம். நல்லவேளையாக எந்தத் தாளை எப்போது எழுதுவது என்பது மாணவர் விருப்பம். மூன்றாண்டுப் படிப்பை முடிக்க ஆறு ஆண்டு வரை அனுமதி உண்டு. எனவே எல்லாத் தாள்களையும் ஜூனுக்குத் தள்ளிவிட்டு, மழைக்காலத்தில் ஒப்படைப்புகளை எழுதிவிடுகிறேன். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒரு பத்தியை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கிறது. மெதுவாகத்தான் போகிறது.

வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது என்பது உண்மை. அதற்கு நான் கண்ட வழி, வேலை முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டாமல் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து படிப்பது. மேலாளர் அனுமதித்திருக்கிறார். வீட்டுக்குப் போனபின் புத்தகத்தைத் தொடுவதில்லை. தொலைநிலையில் படித்தாலும் படிக்கும் இடம் வீடாக இருக்கக்கூடாது என்பதே என் அனுபவம். அந்த வகையில் கருப்பூர் அக்காவும் நானும் ஒன்றையேதான் சொல்கிறோம் என்று நினைக்கிறேன்.

கருப்பூர் ஆய்வாளர்

தங்கையே, நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. என் கருத்தை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: நேரடி வகுப்பா தொலைநிலையா என்பதைவிட, படிப்புக்கென்று வீட்டுக்கு வெளியே ஓர் இடமும் மற்றவர்கள் கேள்வி கேட்காத ஒரு நேரமும் கிடைக்கிறதா என்பதே முதன்மையானது. நேரடி வகுப்பில் அது தானாக அமைகிறது. தொலைநிலையில் நாமே போராடி அமைத்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் எப்படி இருக்கும் என்று கலா அவர்கள் கேட்கவில்லை. ஆயினும் உள்ளே அந்தத் தயக்கம் இருக்கும் என்பதால் எழுதுகிறேன். முதல் வாரத்தில் மாணவிகள் என்னை ஆசிரியை என்று எண்ணி எழுந்து நின்றார்கள். பிறகு அம்மா என்றார்கள். பருவத்தேர்வு நெருங்கியபோது அக்கா ஆகிவிட்டேன். என்னைவிட வயதில் இளைய ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேள்வி கேட்கவே கூச்சப்பட்டார். மற்றவர்களைக் கேட்பதுபோல் என்னையும் கேளுங்கள் என்று நானே சொன்னபின் சரியாயிற்று. உண்மையான சிரமம் கைப்பேசியிலும் கணினியிலும்தான் வந்தது. கருத்தரங்கத் தாளுக்குத் திரைக்காட்சி தயாரிக்க என் மகன் வயதுப் பெண் ஒருத்தி கற்றுக்கொடுத்தாள். பதிலுக்கு அவளுக்குத் தேர்வுத் தாளில் விடையை எப்படிக் கட்டி எழுதுவது என்று நான் காட்டினேன்.

ஆய்வுக்கு வர எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைப்படி, முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையே இருந்த எம்ஃபில் படிப்பு இப்போது கிடையாது. முதுகலை முடித்து நேரே முனைவர் பட்டம்தான். அதற்குப் பொதுவாக ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் எட்டு. பெண்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு சேர்த்துப் பத்து வரை நீட்டிக்கலாம். மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக மொத்தம் 240 நாள் விடுப்பும் உண்டு.

படிக்கும் அம்மாவின் மகள்

இழையில் எல்லோரும் தாய்மார்களாக இருப்பதால் மறுபக்கத்தையும் சொல்ல அனுமதியுங்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது என் அம்மா முதுகலையில் சேர்ந்தார். அந்த ஆண்டு எனக்குக் கோபம்தான் இருந்தது. என் பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம் அவருக்கு அகமதிப்பீட்டுத் தேர்வு. காலையில் நானே தோசை சுட்டுக்கொண்டு கிளம்பினேன். தோழிகளின் அம்மாக்கள் தேர்வு மையத்து வாசலில் காத்திருந்தபோது என் அம்மா அங்கே இல்லை. இப்போது அதை நினைத்து நான் பெருமைப்படுகிறேன் என்று எழுதினால் எல்லோருக்கும் பிடிக்கும். பெருமை உண்டு, ஆனால் அந்த வாசல் நினைவும் போகவில்லை. கலா அத்தை, உங்கள் மகன் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு என்றால் இரண்டு பேரின் தேர்வுகளும் ஒன்றாக வரும். அவனிடம் இப்போதே பேசி, அந்த மாதத்துக்கு யார் என்ன செய்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

அம்மாப்பேட்டை வாசுகி

மகள் எழுதியதுதான் இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. நான் தொலைநிலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். அதை முதலில் சொல்லாமல் ஒப்படைப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

கோரிமேடு கலா

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பேராசிரியர் ஐயா குறிப்பிட்ட விதியை நான் அறிந்திருக்கவே இல்லை. இரண்டு நாள் யோசித்தபின் பள்ளி ஆசிரியப் பணி என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். வரலாற்றை விட மனம் வரவில்லை. நேரடி வகுப்பில் முயல்வது, இடம் கிடைக்காவிட்டால் தொலைநிலையில் சேர்ந்து நூலகத்தில் அமர்ந்து படிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் போய்வரும் செலவு பற்றிய கவலை இல்லை. மகனிடம் பேசினேன். பொதுத்தேர்வு மாதத்தில் சமையலுக்கு ஆள் வைக்க வேண்டும் என்பது அவன் நிபந்தனை. கணவர் பட்டறைக் கணக்குக்குப் பகுதிநேர ஆள் தேட ஒப்புக்கொண்டார். மாமியார் இன்னும் பேசாமல் இருக்கிறார்.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. என் பட்டச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து. ஆதாரில் கணவரின் முதலெழுத்து. இது இடையூறாகுமா? மாற்றுச் சான்றிதழும் கைவசம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பேராசிரியர், அழகாபுரம்

நிச்சயம் இடையூறாகும்; சேர்க்கையில் இல்லாவிட்டாலும் தேர்வுப் பதிவில் வரும். ஏபிசி எண் ஆதாரில் உள்ள பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். முதுகலைச் சான்றிதழோ இளநிலைச் சான்றிதழின் பெயரைத் தொடர வேண்டும். எனவே சான்றிதழுக்கு ஏற்ப ஆதாரைத் திருத்துங்கள். சான்றிதழை ஆதாருக்கு ஏற்ப மாற்ற முயன்றால் பள்ளிச் சான்றிதழிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே திருத்தலாம். ஆகையால் எழுத்துகளையும் முதலெழுத்து நிற்கும் இடத்தையும் பட்டச் சான்றிதழோடு ஒப்பிட்டு ஒரே முறையில் முடித்துவிடுங்கள். கணவர் பெயர் முகவரிப் பகுதியில் இருக்கலாம், அதனால் சிக்கல் இல்லை. வங்கிக் கணக்கிலும் பான் அட்டையிலும் எந்தப் பெயர் இருக்கிறது என்பதையும் உடனே பார்த்துவிடுங்கள்.

நீங்கள் 2001இல் சேலத்திலேயே பட்டம் பெற்றிருந்தால் அது 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகப் பட்டமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதே பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்வதானால் இடப்பெயர்வுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். மாற்றுச் சான்றிதழின் மூலத்தைக் கொடுக்கும் முன் படிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை கொடுத்தால் திரும்ப வராது.

மலைச்சாரல், ஏற்காடு

கலா அக்கா, வகுப்பில் சேர்ந்தபின் தமிழில் உள்ள வரலாற்று நூல்களின் பட்டியல் கிடைத்தால் இங்கே பதிவிடுங்கள். என் அடுத்த ஆண்டுத் தாள்களில் இந்திய வரலாறு ஒன்று இருக்கிறது. ஆங்கிலப் பாடநூலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க ஏதாவது வேண்டும்.

கோரிமேடு கலா

கட்டாயம் பதிவிடுகிறேன். திங்கட்கிழமை ஆதார் மையத்துக்குப் போய்விட்டு, அப்படியே துறையில் சேர்க்கை விவரத்தையும் கேட்டு வருகிறேன்.